ஒளிராத தாளும் பதினேழாம் டோக்கனும்

1

இந்த ஜெர்மனியில் ஒரு வழக்கம் உண்டு. உங்களுக்கு ஏதாவது விழா என்றால் நீங்களே கேக் செய்து அலுவலகத்துக்குக் கொண்டு போக வேண்டும். பிறந்த நாளா, கேக் கொண்டு வா. வேலையில் சேர்ந்து பத்து வருஷம் ஆகிவிட்டதா, அதற்கும் கேக் கொண்டு வா. எங்கள் ஊரில் என்றால் பத்து வருஷம் உழைத்தவளுக்கு மற்றவர்கள் ஒரு டீயாவது வாங்கித் தருவார்கள்.

போன வியாழக்கிழமை நானும் ஒரு கேக்கோடு போனேன். என் மேலாளர் யுர்கன் எழுந்து நின்று என்னைப் பற்றி நாலு வார்த்தை பேசினார். நல்ல மனிதர், சத்தம் போட்டுப் பேசத் தெரியாதவர். "செல்வக்கனியின் சோதனைத் தாள் இப்போது அவருடைய சொந்த ஊருக்கே போய்ச் சேர்ந்திருக்கிறது. இதைவிட அழகான பத்தாம் ஆண்டு யாருக்குக் கிடைக்கும்?" என்றார். எல்லோரும் கை தட்டினார்கள்.

அந்தத் தாளால் என் அக்கா வேலையை இழந்து அன்றோடு பன்னிரண்டு நாள் ஆகியிருந்தது. யுர்கனுக்கும் அது தெரியும், நான்தான் சொல்லியிருந்தேன். கத்தியைக் கேக்கில் வைத்தேன். கத்தியை அப்படியே விட்டுவிட்டு வெளியே வந்துவிட்டேன். பின்னால் யாரோ அதை வெட்டி எல்லோருக்கும் பங்கு வைத்ததாகக் கேள்விப்பட்டேன். இங்கே எந்த உணவையும் வீணாக்க மாட்டார்கள், மனுஷர்கள் விஷயத்தில்தான் அப்படி இல்லை.

கோபத்தில் எழுதுகிறேன், பாதிக் கோபம் என் மேலேயே. ஊரில் இதைப் படிக்கிறவர்கள் நடந்ததை வரிசையாகத் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதால் முதலிலிருந்து சொல்கிறேன்.

2

என் வேலை புள்ளிகளைச் செய்வது. வெளிநாட்டில் பெரிய ஆராய்ச்சி என்று சொந்தக்காரர்கள் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். உண்மையில் நான் ஒரு கண்ணாடிக் குடுவைக்கு முன்னால் நின்று எண்ணெய் காயக் காத்திருப்பவள்.

குவாண்டம் புள்ளி என்பது மிக மிகச் சிறிய படிகம். சில ஆயிரம் அணுக்கள் சேர்ந்தால் ஒன்று. கண்ணுக்குத் தெரியாது. ஆனால் கோடிக்கணக்கில் ஒரு திரவத்தில் மிதக்க விட்டு, மேலே புற ஊதா விளக்கைக் காட்டினால் குப்பி முழுக்க நிறமாக எரியும். இதில் அதிசயம் என்னவென்றால், பொருள் ஒன்றுதான், அளவு மாறினால் நிறம் மாறிவிடும். சின்னப் புள்ளி பச்சை, கொஞ்சம் வளர்ந்தால் மஞ்சள், இன்னும் வளர்ந்தால் சிவப்பு. கொதிக்கிற எண்ணெயில் மருந்தை ஊசியால் செலுத்திவிட்டு, எந்த நிமிஷத்தில் அடுப்பை அணைக்கிறோம் என்பதில் இருக்கிறது முழுத் தொழிலும். ஒரு நிமிஷம் தாமதித்தால் நாம் கேட்ட நிறம் கையை விட்டுப் போய்விடும்.

இந்தப் புள்ளிகள்தான் உங்கள் வீட்டு விலை கூடிய டிவியில் அந்தப் பச்சையையும் சிவப்பையும் அவ்வளவு சுத்தமாகக் காட்டுகின்றன. மின்சாரத்தை நேராகப் புள்ளிக்குள் செலுத்தி ஒளிர வைக்கும் விளக்குகளும் செய்கிறோம். இன்னொரு பயன், மோப்பம் பிடிப்பது. புள்ளியின் மேற்பரப்பு ரொம்பச் சொரணையுள்ளது. அங்கே ஒரு உலோகம் வந்து ஒட்டினால் வெளிச்சம் மங்கிவிடும். எது ஒட்டினால் மங்க வேண்டும் என்று நாம் முன்கூட்டியே ஏற்பாடு செய்து வைக்கலாம். நான் செய்த தாள் அப்படிப்பட்டது. காட்மியம் இருந்தால் அணையும், இல்லாவிட்டால் பச்சையாக ஒளிரும்.

காட்மியத்தை ஏன் தேட வேண்டும்? கணவாய்க்காகத்தான். கடலில் இருக்கும் காட்மியத்தைக் கணவாய் தன் ஈரலில் சேர்த்து வைக்கும், அது அதன் இயற்கை. சுத்தம் செய்யும்போது ஈரல் உடைந்தாலும், குடல் எடுக்காமல் நாள்கணக்கில் போட்டு வைத்தாலும் அது சதைக்குள் இறங்கிவிடும். ஐரோப்பாவில் அதற்கு ஓர் அளவு வைத்திருக்கிறார்கள். அளவு தாண்டினால் பெட்டி மொத்தமும் திரும்பிப் போகும்.

இதில் எனக்கு ஒரு பழைய எரிச்சல் உண்டு. எங்கள் துறையில் நன்றாக ஒளிரும் புள்ளிகள் பலவும் காட்மியத்தில் செய்தவை. மின்சாதனங்களில் காட்மியத்துக்கு இங்கே தடை உண்டு, டிவியில் வைக்க அதற்கு விலக்குக் கேட்டு மனுப் போட்டார்கள். விலக்கு கிடைத்தது, காலக்கெடு வந்தபோது நீட்டிப்பும் கேட்டார்கள். கோட்டுப் போட்டவர்கள் மேசையைச் சுற்றி உட்கார்ந்து காட்மியத்துக்காக வாதாடியதை நானே பார்த்திருக்கிறேன். சாப்பிடும் பொருளும் கண்ணாடிக்குள் அடைத்த பொருளும் ஒன்றல்ல என்று எனக்குத் தெரியும், அளவு வைத்ததும் சரிதான். ஆனாலும் டிவிக்கு வக்கீல் இருக்கிறான், தூத்துக்குடிக் கணவாய்க்கு ஒருத்தனும் இல்லை என்று நினைக்கும்போது பற்றிக்கொண்டு வருகிறது.

3

முத்து நகரமான தூத்துக்குடியிலிருந்து வருகிறேன் என்று சொன்னால் இங்கே எல்லோரும் என் கழுத்தைப் பார்க்கிறார்கள். எங்கள் காலத்தில் முத்தெல்லாம் பெயரில்தான் இருந்தது. என் அக்கா பெயர் முத்துக்கனி. அப்பா உடன்குடிப் பக்கத்திலிருந்து வந்து திரேஸ்புரத்தில் பலசரக்குக் கடை வைத்தவர். தெருவில் எல்லோரும் கடலுக்குப் போகிறவர்கள், நாங்கள் மட்டும் தராசு பிடிக்கிறவர்கள். அக்காவுக்குக் கடையில் உட்காரப் பிடிக்காது. பக்கத்து வீட்டுப் பெண்களோடு மீன் கம்பெனிக்குப் போனவள், இருபத்தி நாலு வருஷமாக அங்கேயே கணவாய் வெட்டுகிறாள். கம்பெனிப் பெயர் வேண்டாம். துறைமுகச் சாலைப் பக்கம் இருக்கும் பல கம்பெனிகளில் ஒன்று.

அந்த வேலையை நான் பார்த்திருக்கிறேன். ஸ்டீல் மேசைக்கு முன்னால் பெண்கள் வரிசையாக நிற்பார்கள், காலில் ரப்பர் பூட்ஸ், தலையில் வலை. ஐஸோடு கணவாய் வந்து கொட்டும். முதுகில் ஒரு கீறல், உள்ளிருக்கும் ஓட்டெலும்பை உருவ வேண்டும். பிறகு உள்ளே விரலை விட்டுக் குடலையும் ஈரலையும் மைப்பையையும் உடையாமல் ஒரே இழுப்பில் எடுக்க வேண்டும். தோலை உரித்துத் தட்டில் போட வேண்டும். ஒவ்வொருத்திக்கும் ஒரு டோக்கன் எண். அவளுடைய தட்டிலும் அதே எண் இருக்கும். அக்கா பதினேழு.

அங்கே எழுதாத விதி ஒன்று உண்டு. பெட்டியிலேயே மைப்பை உடைந்து கறுப்பாக வரும் கணவாய்களைக் கை தேர்ந்தவளிடம் தள்ளிவிடுவார்கள். மை சதையில் ஊறுவதற்குள் உரித்துக் கழுவ வேண்டும், மெதுவாகச் செய்கிறவள் கையில் அது வீண். அதனால் உடைந்ததெல்லாம் பதினேழுக்குத்தான் போகும். அக்காவின் நகக்கண் கறுப்பு எந்த ஞாயிற்றுக்கிழமையும் போனதில்லை. கல்யாண ஆல்பத்தில்கூட மருதாணிக்கு மேலே அந்தக் கறுப்பு தெரியும்.

எங்கள் நிறுவனம் தாளைக் களத்தில் சோதிக்க இடம் தேடியபோது தூத்துக்குடியைச் சொன்னவள் நான்தான். சென்னையில் இருக்கும் முகவர் மூலமாகத் தாள்கள் அக்காவின் கம்பெனிக்கே போயின. ஆங்கிலக் கையேடு பதினைந்து பக்கம். அங்கே யார் படிப்பார்கள் என்று ஒரு பக்கத்தில் தமிழில் நானே எழுதி அனுப்பினேன். தட்டைக் கழுவும் முதல் தண்ணீரில் தாளை முக்குங்கள், இரண்டு நிமிஷம் காத்திருங்கள், விளக்கைக் காட்டுங்கள். பச்சை என்றால் நல்லது, இருட்டு என்றால் ஈரல் உடைந்திருக்கிறது. எவ்வளவு எளிமையாக எழுதிவிட்டேன் என்று எனக்கே பெருமை.

தாளை நான் எதில் சோதித்தேன் தெரியுமா? இங்கே சூப்பர் மார்க்கெட்டில் உறைய வைத்து விற்கும் கணவாயில். பால் மாதிரி வெள்ளை, யாரோ ஒரு முத்துக்கனி ஏற்கெனவே சுத்தம் செய்து அனுப்பியது. அதை நறுக்கி, அதில் காட்மியம் சேர்த்தும் சேர்க்காமலும் நூறு தடவைக்கு மேல் பார்த்தேன். ஒரு தடவைகூட முழுக் கணவாயை வாங்கிக் கிழித்துப் பார்க்கத் தோன்றவில்லை. இதை இந்த ஊர்க்காரன் செய்திருந்தால் மன்னித்திருப்பேன். செய்தவள் திரேஸ்புரத்தில் வளர்ந்தவள்.

4

இரண்டாவது வாரமே அக்கா போன் செய்தாள். சாயங்கால ஷிப்ட் முடிந்து கம்பெனி வாசலில் நின்று பேசினாள், பின்னால் லாரி சத்தம்.

"ஏளா செல்வி, உன் தாளு என் தட்டுல மட்டும் இருட்டாவே கெடக்கு. நாலு நாளாப் பாக்கேன். பக்கத்துல நிக்கவளுக்கு எல்லாம் பச்சையா மினுங்குது."

"ஈரல் உடையுதாக்கா?"

"இருவத்தி நாலு வருஷமா உடையாத ஈரலு இப்பம் உடையுதாக்கும்? ஒண்ணு சொல்லுதேன் கேளு. எனக்கு வாரது எல்லாம் மை உடைஞ்ச கணவாய். மைத்தண்ணியில தாள முக்குனா கருப்பாத்தானே இருக்கும்?"

அப்போது நான் சொன்ன பதிலை அப்படியே எழுதுகிறேன். எனக்கு அந்தத் தண்டனை வேண்டும். "அக்கா, அது சும்மா கருப்பு இல்ல. அது ஒளி சம்பந்தப்பட்டது. உனக்குச் சொன்னாப் புரியாது. நீ கொஞ்சம் கவனமா வெட்டு" என்றேன்.

அவள் தாள் பேச்சை அதோடு விட்டாள். பிறகு, "சரிளா, பிள்ள நல்லாருக்காளா?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டாள்.

சூப்பர்வைசர் அண்ணாச்சி கெட்டவர் இல்லை. ஆனால் அவருக்கு மேலே மேனேஜர், மேனேஜருக்கு மேலே ஏற்றுமதி, அதற்கும் மேலே ஏற்கெனவே ஒரு பெட்டி திரும்பி வந்த பயம். வெளிநாட்டுத் தாள் ஒரு பெண்ணின் தட்டை மட்டும் தினமும் இருட்டாகக் காட்டினால் அவர் யாரை நம்புவார்? முதலில் அக்காவைக் கத்தியிலிருந்து எடுத்து ஐஸ் அள்ளப் போட்டார்கள். அங்கிருந்த பெண்கள் டீ நேரத்தில் அவளோடு உட்காருவதை நிறுத்தினார்கள். ஒருத்தியால் மொத்த லோடும் திரும்பினால் எல்லோர் வேலையும் போகும் என்ற பயம் அவர்களுக்கு. யாரோ அவளுக்கு விஷக்கை என்று பெயர் வைத்துவிட்டார்கள். கடைசியில் ஒரு சனிக்கிழமை, "கொஞ்ச நாளைக்கு வீட்டுல இரும்மா, கூப்பிடுதோம்" என்று அனுப்பிவிட்டார்கள். மீன் கம்பெனியில் கூப்பிடுகிறோம் என்றால் என்ன அர்த்தம் என்று தூத்துக்குடிக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

இதெல்லாம் எனக்குத் தெரியாது. அக்கா சொல்லவில்லை. வீட்டு வாசலில் சும்மா உட்கார்ந்திருக்கிறாளே என்று வீடியோவில் பார்த்துக் கேட்டபோதுதான் சொன்னாள். அப்போதும் அழவில்லை. "என் கையப் பாத்து முகத்தத் திருப்புதாளுவ செல்வி" என்று மட்டும் சொன்னாள்.

5

வீட்டில் நானும் மகளும்தான். மதிக்குப் பத்து வயது. நான் தமிழில் கேட்பேன், அவள் ஜெர்மனில் பதில் சொல்வாள். முன்பெல்லாம் போனில் பெரியம்மா என்று கத்திக்கொண்டு ஓடி வருவாள். இப்போது எந்த அத்தைக்கும் சித்திக்கும் பொதுவான ஜெர்மன் சொல்லில் டான்டே என்கிறாள், அதுவும் நான் போனை முகத்துக்கு நேரே நீட்டினால்தான். போன முறை அக்கா, "சாப்பிட்டியாளா?" என்று கேட்டதற்கு இவள் என்னைப் பார்த்து என்ன கேட்கிறார்கள் என்று ஜெர்மனில் கேட்டாள். அக்கா சிரித்துச் சமாளித்தாள். எனக்குத்தான் முகம் எரிந்தது.

அக்கா விஷயம் தெரிந்த மறுநாள் சனிக்கிழமை எனக்கு எதையாவது வெட்ட வேண்டும் போலிருந்தது. ரயில் நிலையம் பக்கத்து மீன்கடைக்குப் போய் முழுக் கணவாய் இரண்டு வாங்கி வந்தேன். இங்கே அதற்குப் பெயரே மை மீன். ஒரு நாட்டுக்காரர்கள் மொத்தமும் பெயரிலேயே மையை வைத்துக்கொண்டு திரிகிறார்கள், எங்கள் ஆய்வகத்தில் இருக்கும் பதினான்கு பேரில் ஒருவருக்கும் மை ஞாபகம் வரவில்லை, என்னையும் சேர்த்து.

வெட்டி வருஷக்கணக்காகிவிட்டது. முதல் கணவாயிலேயே மைப்பையை உடைத்துவிட்டேன். பாத்திரம் முழுக்கக் கறுப்பு. மதி மூக்கைப் பொத்திக்கொண்டு சமையலறைக்கு வந்தாள். என் கைப்பையிலிருந்து தாள் ஒன்றையும் சின்னப் புற ஊதா விளக்கையும் எடுத்து விளையாடிக்கொண்டிருந்தாள். இருட்டில் பச்சையாக மினுங்குவது அவளுக்குப் பிடிக்கும். நான் திட்டுவதற்குள் தாளைக் கறுப்புத் தண்ணீரில் முக்கிவிட்டாள்.

கொஞ்ச நேரம் விளக்கைக் காட்டிப் பார்த்துவிட்டு, "மா, இது செத்துப்போச்சு" என்றாள், ஜெர்மனில்.

நான் கையைத் துடைக்காமலேயே தாளைப் பிடுங்கினேன். சுத்தமான இருட்டு. ஈரல் இன்னும் என் பலகையில் முழுசாக, உடையாமல் கிடந்தது. அப்போதும் மனது ஒப்பவில்லை. மைப்பையில் மிச்சமிருந்ததை ஒரு துளி மட்டும் எடுத்து, காய்ச்சி வடித்த தண்ணீர் இருந்த ஒரு டம்ளரில் விட்டு, புதுத் தாளை முக்கினேன். அதுவும் இருட்டு. மை போடாத தண்ணீரில் முக்கிய தாள் பச்சையாகச் சிரித்தது.

காரணம் ஒரு பள்ளிப் பிள்ளைக்குக்கூடப் புரியும். கணவாய் மை என்பது கறுப்புத் தூள். தாளில் படிந்தால் விளக்கின் வெளிச்சம் புள்ளிக்குப் போகாது, தப்பிப் போய்ப் புள்ளி ஒளிர்ந்தாலும் அந்த ஒளி வெளியே வராது. உலோகம் வந்து அணைத்த இருட்டும் மை மூடிய இருட்டும் கண்ணுக்கு ஒன்றுதான். அக்கா சொன்னது இதைத்தான். நான் படித்த படிப்பு முழுவதையும் வைத்து அவளுடைய ஒரு வரியைத் தள்ளிவிட்டேன்.

சிங்க்கைப் பிடித்துக்கொண்டு நின்று சத்தமாகக் கெட்ட வார்த்தை சொன்னேன். மதி பயந்துபோய், "யாரைத் திட்டுற?" என்றாள். நாலு மாதத்தில் அவள் தமிழில் கேட்ட முதல் கேள்வி அது. "என்னைத்தான்" என்றேன்.

6

திங்கட்கிழமை காலை யுர்கன் அறையில் நின்றேன். மூன்று தாள்களையும் மேசையில் வைத்துக் காட்டினேன். அவருக்கு உடனே புரிந்தது, முகம் வெளுத்தது. "ஐயோ, மை" என்றார். அந்த ஒரு நொடிக்காக அவர் மேல் எனக்கு இன்னும் மரியாதை இருக்கிறது. அடுத்த நொடியே, "இதைச் சட்டப் பிரிவுக்கு அனுப்ப வேண்டும்" என்றார்.

நான் கேட்டது ஒரே ஒரு கடிதம். மை கலந்த நீரில் இந்தத் தாள் தவறாகக் காட்டும், அந்த முடிவுகளை வைத்து யார்மேலும் நடவடிக்கை எடுக்காதீர்கள் என்று கம்பெனிக்கு ஒரு கடிதம். நாலு வரி போதும்.

சட்டப் பிரிவிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். கையேட்டின் பதினான்காம் பக்கத்தில், மாதிரி நீர் தெளிந்ததாக இருக்க வேண்டும் என்று ஏற்கெனவே இருக்கிறதாம். ஆகவே தாளில் குறையில்லை, பயன்படுத்தியதில்தான் குறை. அதை விட்டுவிட்டு ஒரு பக்கத் தமிழ்க் குறிப்பு எழுதியது யார்? நான். நிறுவனத்தின் அனுமதியோடு எழுதினேனா? இல்லை. அப்படியானால் இதில் எச்சரிக்கையாகப் பேசுவது எனக்கே நல்லது என்றார்கள். சிரித்த முகத்தோடு சொன்னார்கள்.

தெளிந்த நீராம். கணவாய் வெட்டுகிற இடத்தில் தெளிந்த நீருக்கு எங்கே போவாள் அவள்? மேசையைத் தட்டிக் கேட்டேன். கோபம் வந்தால் என் ஜெர்மனில் ஆண்பால் பெண்பால் எல்லாம் கழன்று விழும். தாளை ஆணாக்கினேன், அக்காவை அஃறிணையாக்கினேன். எதிரே இருந்தவர் என் வாக்கியத்தை மெதுவாகத் திருத்திச் சொல்லிவிட்டு, "நீங்கள் சொல்ல வந்தது இதுதானே?" என்றார். அந்த மனிதர் பாலைத்தான் திருத்தினார், விஷயம் அவர் காதில் ஏறவே இல்லை. பத்து வருஷத்தில் இது எத்தனையாவது தடவை என்று எண்ணுவதை விட்டுவிட்டேன்.

பிழைகளைத் தெரிவிக்க உள்ளே ஒரு படிவம் இருக்கிறது, அதை நிரப்புங்கள் என்றார்கள். நிரப்பினேன். பிழையைக் கண்டுபிடித்தவர் யார் என்று ஒரு கட்டம். முத்துக்கனி என்று எழுதினேன். பணியாளர் எண் கேட்டது, எண் இல்லாமல் அடுத்த பக்கத்துக்குப் போகாது. பதினேழு என்று அடித்தேன். வாங்கிக்கொண்டது. பரிசீலனைக்கு எட்டு வாரம் வரை ஆகலாம் என்று பதில் வந்தது.

அந்தப் பதில் வந்த வியாழக்கிழமைதான் கேக்.

7

கேக்கை விட்டு வெளியே வந்து வண்டி நிறுத்தும் இடத்தில் நின்றுகொண்டு, கைபேசியிலேயே கடிதத்தை எழுதினேன். நிறுவனத்தின் பெயரில் இல்லை, என் பெயரில். இந்தத் தாளைச் செய்தவள் நான். இதை மைத்தண்ணீரில் முக்கச் சொன்ன குறிப்பை எழுதியவளும் நான். குறிப்பு தவறு. பதினேழாம் டோக்கன் தட்டு இருட்டாக இருந்ததற்குக் காரணம் மை. அவள் கைமேல் எந்தக் குற்றத்துக்கும் இந்தத் தாள் சாட்சி ஆகாது. நம்பிக்கை இல்லை என்றால் கேன் தண்ணீரில் ஒரு சொட்டு மை விட்டு நீங்களே பாருங்கள். தமிழில் எழுதி, கீழே முழுப்பெயரும் போட்டு மேனேஜருக்கும் சூப்பர்வைசர் அண்ணாச்சிக்கும் அக்காவுக்கும் அனுப்பினேன். யுர்கனுக்கும் ஒரு பிரதி அனுப்பினேன், நான் ஒளிந்துகொண்டு செய்தேன் என்று யாரும் சொல்லக்கூடாது. என்மேல் விசாரணை வைத்திருக்கிறார்கள். வைக்கட்டும்.

மறுநாள் காலை அக்கா கம்பெனிக்குப் போனாள். கூப்பிடாமலேயே போனாள். உள்ளே விடவில்லை என்றால் வாசலிலேயே காட்டிவிட்டு வருகிறேன் என்று டம்ளரும் கேன் தண்ணீரும் கணவாய் இரண்டும் கூடையில் கொண்டு போனாளாம். டீ நேரம், பெண்கள் எல்லோரும் வெளியே இருந்தார்கள். பக்கத்து மேசைக்காரி பேச்சியம்மாள் தன் போனில் எடுத்து எனக்கு அனுப்பியதால் நானும் பார்த்தேன்.

திண்டில் மூன்று டம்ளர். முதல் டம்ளரில் வெறும் தண்ணீர், உள்ளிருந்து கொண்டு வரச் சொன்ன தாளை முக்கினாள். சூப்பர்வைசர் அண்ணாச்சி தன் துண்டால் வெயிலை மறைத்து விளக்கைக் காட்டினார், பச்சை. இரண்டாவது டம்ளரில் அதே தண்ணீரோடு ஒரு கணவாயின் மைப்பையிலிருந்து ஒரு சொட்டு மை, இருட்டு. மூன்றாவதுக்கு அக்கா இன்னொரு கணவாயை எல்லோர் முன்னாலும் ஒரே இழுப்பில் சுத்தம் செய்தாள். ஈரலை முழுசாக உள்ளங்கையில் வைத்துக் காட்டினாள். மை படாத அந்தச் சதையைக் கழுவிய தண்ணீரில் தாள் பச்சையாக ஒளிர்ந்தது.

"பாத்துக்கிடுங்க அண்ணாச்சி, கை அதே கைதான்" என்றாள் அக்கா.

அண்ணாச்சி துண்டைத் தோளில் போட்டுக்கொண்டார். "மைக்கு இருட்டாவும்னு எவனும் சொல்லலையேம்மா" என்றார்.

"நான் சொன்னேன் அண்ணாச்சி. மொத நாளே உங்ககிட்டச் சொன்னேன்."

பேச்சியம்மாள் தன் டீயில் பாதியை இன்னொரு டம்ளரில் ஊற்றி அக்காவிடம் நீட்டுவது வரை பதிவாகியிருக்கிறது.

8

திங்கட்கிழமையிலிருந்து அக்கா மறுபடியும் பதினேழாம் டோக்கனில் நிற்கிறாள். தாள்களை ஒரு டப்பாவில் போட்டு ஆபீஸ் அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டார்களாம். விசாரணையில் நான் என்ன சொல்ல வேண்டும் என்று இங்கே ஒருவர் எனக்குச் சொல்லித்தருகிறார். நான் கேட்டுக்கொள்ளவில்லை. முதலில் வடிகட்டும் தாள், பிறகு ஒளிரும் தாள் என்று இரண்டடுக்காகச் செய்து பார்க்கிறேன். இந்த வாரம் மட்டும் நாலு முழுக் கணவாய் வாங்கி ஆய்வகத்திலேயே கிழித்தேன். நாற்றம் என்று புகார் போயிருக்கிறது.

நேற்று அக்காவைக் கூப்பிட்டேன். மதியையும் பக்கத்தில் உட்கார வைத்தேன். அவள், "பெரியம்மா, வேலைக்குப் போனியா?" என்று கேட்டாள். சொல்லிக்கொடுத்துத்தான் கேட்டாள், இருந்தாலும் கேட்டாள். அக்கா கையைத் திருப்பி நகத்தைக் காட்டினாள். கறுப்பு திரும்பி வந்திருந்தது.

"பாரு, பழையபடி உடைஞ்சது பூராத்தையும் எனக்குத்தான் தள்ளுதாளுவ" என்றாள்.

"ஏன்க்கா வாங்குத? மாட்டேன்னு சொல்ல வேண்டியதுதானே?"

"நான் வாங்கலன்னா அவ்வளவும் வீணாப் போவும்ளா."

மதி எழுந்து போய்விட்டாள். அதற்காகத்தான் காத்திருந்தேன். நாலு நாளாக ஒத்திகை பார்த்த வாக்கியங்கள் ஒன்றும் வரவில்லை. "அக்கா, என்ன மன்னிச்சிரு. தாள் தப்பாச் சொல்லிட்டு" என்றேன்.

அவள் கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். மீன் விலை சொல்லும் குரலில்தான் சொன்னாள்.

"தாள ஏன் குத்தம் சொல்லுத? அதுக்குக் காதா இருக்கு? நான் உன்கிட்டத்தானேளா சொன்னேன்."